கோல் அடிக்காதவர்களின் ஆட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். குறுமைய, மாவட்டக் கால்பந்துப் போட்டிகளைப் பற்றிய செய்திகளில் கோல் அடித்த மாணவனின் பெயர் மட்டுமே இடம்பெறும் வழக்கம் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வேகமாக ஓட இயலாத பையனைக் கீப்பராகவும், பந்தை ஓங்கி உதைக்க மட்டும் தெரிந்தவனைப் பின்களத்தில் தடுத்தாடும் பேக்காகவும் நிறுத்திவிட்டு, மற்ற அனைவரையும் பந்தின் பின்னால் ஓடவிடும் பழக்கம் நம் பள்ளி மைதானங்களில் இன்னும் இருக்கிறது. பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படித்தான் செய்தேன். அது அந்தச் சிறுவர்களுக்கு நான் இழைத்த தவறு.

சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்தபின், அவரும் காலால் பந்தை ஆளத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். ஓரத்தில் நிற்கும் பேக், தற்காப்போடு நில்லாமல், பக்கக் கோட்டை ஒட்டி மேலேறிச் சென்று, ஓரத்திலிருந்து எதிரணிக் கோலின் முன்னால் பந்தை அனுப்பி கிராஸ் கொடுப்பவராகவும் மாறிவிட்டார்.

இவர்களைவிடவும் கவனிக்கப்படாதவர், பின்களத்தின் நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பர்களுக்குச் சற்று முன்னால் நடுவில் ஆடும், ‘ஆஃப்’ எனப்படும் நடுக்கள வீரர். ஓரத்துப் பேக் மேலேறும்போது காலியாகும் இடத்தை நோக்கி நகர்வதும், தலையால் முட்டி விலக்கப்பட்ட பந்து எங்கே விழும் என்று கணித்து முதலில் அங்கே போய் நிற்பதும், பறித்த பந்தை வீணாக்காமல் அருகில் இருப்பவருக்குத் தருவதும் அவர் வேலை. அவர் சரியான இடத்தில் நிற்பதைப் பார்த்தே எதிரணி அந்தப் பக்கம் பந்தைக் கொடுக்காமல் விட்டுவிடும் என்பதால், அவரது உழைப்பு பார்வையாளரின் கண்ணில் படுவதேயில்லை.

2019 மார்ச்சில் கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று சென்னை சிட்டி அணி தேசிய அளவிலான ஐ-லீக் கால்பந்துக் கோப்பையைக் கைப்பற்றியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொடக்கத்திலேயே பின்தங்கிய அந்த ஆட்டத்தில், முன்கள வீரர் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தபின் அடுத்த இரு கோல்களையும் அடித்தவர் பின்கள வீரரான கௌரவ் போரா. அன்று கோல் அடித்ததால் அவர் பெயர் செய்தியில் வந்தது. கோல் அடிக்காத நாள்களில் அவர் எதிரணியைத் தடுத்து நின்றதும் எழுதத் தகுந்ததே.

எனவே, வரவிருக்கும் பள்ளிப் போட்டிகளின் செய்திகளில், எந்த மாணவன் எந்த இடத்தில் ஆடினான், எதிரணியின் எந்தத் தாக்குதலை எப்படி முறித்தான் என்பதையும் இரண்டு மூன்று வரிகளிலாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.