சுவீடன் ஓநாய்களுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையை 170 எண்டு இறக்கின முடிவை மாத்தச் சொல்லி கோரிக்கை மனு

பெறுநர்: மாண்புமிகு ஊரக விவகார அமைச்சர் அவர்கள், சுவீடன் அரசு, ஸ்டாக்ஹோம்

பொருள்: ஓநாய்க்கான குறைந்தபட்ச எண்ணிக்கையும் ஜனவரி மாத லைசன்ஸ் வேட்டையும் (இத்தினை ஓநாயைச் சுடலாம் எண்டு அனுமதி குடுத்து நடத்துற வேட்டை)

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்,

நாங்கள் சுவீடனில குடியிருந்து வரி கட்டுற தமிழ் ஆக்கள், இந்தக் காடுகளுக்குள்ள தான் எங்கட பிள்ளையள் புளூபெர்ரி ஆய்ஞ்சு திரியிறவை, அந்த உரிமையில தான் இதை எழுதுறம்.

ஓநாய் இந்த நாட்டில நல்ல நிலையில இருக்கெண்டு சொல்ல குறைஞ்சது 300 வேணும் எண்டு உங்கட சுற்றுச்சூழல் முகமை தானே முந்திக் கணக்குப் போட்டது. இப்ப அதை 170 எண்டு இறக்கியிருக்கிறியள். இடையில அதுகளின்ர டிஎன்ஏ திருந்தின மாதிரி எங்களுக்குத் தெரியேல்ல.

எங்களுக்குப் பெரிய பயமே அந்த டிஎன்ஏ விஷயத்தில தான். 1966-ல சட்டப் பாதுகாப்பு குடுக்கேக்க இங்க ஓநாய் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, பிறகு 1983-ல வெர்ம்லாண்ட் பக்கம் ஒரு சோடி குட்டி போட்டது, 1991-ல கிழக்கால இருந்து இன்னொரு ஆண் வந்து சேர்ந்தது, அதுக்குப் பிறகு 2008 மட்டும் புது ரத்தம் கலக்கவே இல்ல, ஆக அந்த மூண்டின்ர வாரிசுகள் தங்களுக்குள்ளயே சேர்ந்து சேர்ந்து தான் இந்தக் கூட்டம் பெருகினது. சொந்தத்துக்குள்ள கூடக் கூட பிழைக்கிற குட்டியள் குறையுது, முள்ளந்தண்டில குறைபாடு வருது, இதெல்லாம் உங்கட நாட்டு ஆராய்ச்சியாளர்களே எழுதி வச்ச விஷயம். 2024-25 குளிர்காலக் கணக்கில 355 ஓநாய் தான். இதைப் பாதியாக்கினா மிஞ்சியிருக்கிற நல்ல மரபணுவும் போயிடும், பிறகு எத்தினை கோடி செலவழிச்சும் அதைத் திருப்பி எடுக்கேலாது.

பின்லாந்து, ரஷ்யாப் பக்கமிருந்து வாற ஓநாய் ரெயின்டியர் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டித்தான் தெற்கால வர வேணும், அந்த நிலம் நாட்டில கிட்டத்தட்ட பாதி, அங்க ரெயின்டியரைக் காப்பாத்த அதுகளைச் சுடுறதும் நடக்குது. சாமி பழங்குடி மக்களுக்கு ரெயின்டியர் தான் சீவியம், அவையின்ர இழப்பை நாங்கள் சின்னதா நினைக்கேல்ல. வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போன நாயை ஓநாய்க்குப் பறி குடுத்தவையின்ர கோபமும் விளங்குது. ஆனா வழி இருக்கு, 2013-ல அப்பிடி வந்த ஒரு சோடியைப் பிடிச்சு தெற்கால இருக்கிற டீவேடன் காட்டில கொண்டுபோய் விட்டியள், அங்க குட்டியும் போட்டுதுகள். அதை ஏன் தொடர்ந்து செய்யேல்ல எண்டது தான் எங்கட கேள்வி.

அதால நாங்கள் கேக்கிறது என்னெண்டா, 170 எண்ட முடிவை வாபஸ் வாங்கி மரபியல் ஆக்களை வச்சுத் திரும்பக் கணக்குப் போடுங்கோ, அதுவரைக்கும் லைசன்ஸ் வேட்டையை நிப்பாட்டுங்கோ, 2023-ல மாதிரி 75 ஓநாய்க்கு அனுமதி குடுக்கிற நிலைமை திரும்ப வரக்கூடாது. புது ரத்தத்தோட வாற ஓநாயைச் சுடாமல் தெற்கால மாத்துங்கோ, சாமி மக்களுக்கு நட்டஈடு சுணங்காமல் போகட்டும். செம்மறி வளர்க்கிறவைக்கு கரண்ட் வேலி போடுற காசோட அதைப் பராமரிக்கிற கூலியையும் சேர்த்துக் குடுங்கோ, வேலி போடுறதை விட அதுக்குக் கீழ வளர்ற புல்லை வெட்டுறது தான் பெரிய வேலை.

2025-ல ஐரோப்பிய ஒன்றியம் ஓநாயின்ர பாதுகாப்பை ஒரு படி இறக்கினது உண்மை தான், ஆனா நல்ல நிலையில வச்சிருக்க வேணும் எண்ட கடமை உங்களுக்கு இன்னும் இருக்கு.

அடுத்த வேட்டை முடிவுக்கு முதல் எழுத்தில ஒரு பதில் தருவியள் எண்டு எதிர்பாக்கிறம்.

இப்படிக்கு,
சுவீடன்வாழ் தமிழ் குடியிருப்பாளர்கள்