திமிங்கிலத்துக்காகக் கீழே இறங்காதீர்கள்

திருகோணமலைக் கடலுக்கு மேல் சிறு விமானம் ஓட்டும் விமானிகளுக்கு,

வணக்கம். உப்புவெளியிலிருந்து ஆட்களைப் படகில் ஏற்றித் திமிங்கிலம் காட்டப் போகிறவன் நான். பங்குனி பிறந்தால் நீலத் திமிங்கிலம் தேடி எங்கள் படகுகள் போகும். இப்போது தலைக்கு மேலே நீங்களும் வருகிறீர்கள். வாருங்கள், கடல் எல்லோருக்கும் பொது. வருகிற உயரம்தான் வயிற்றைக் கலக்குகிறது. போன பருவத்தில் ஒரு தனியார் விமானம் எங்கள் படகைச் சுற்றி வட்டமடித்தபோது, கெமரா பிடித்திருந்தவரின் முகமே தெரிந்தது. விமானியும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திமிங்கிலம் மூச்சு விட்டு அமிழ்ந்துவிடும். அடுத்து எங்கே எழும் என்று நீங்கள் தேடுவீர்கள். பின்னாலிருப்பவர் "இன்னும் கொஞ்சம் கிட்ட" என்பார். கை தன்பாட்டில் விமானத்தை இன்னும் சரிக்கும், மூக்கைத் தூக்கும். உயரம் குறையாமல் 45 பாகை சரிந்து திரும்பினால், விமானம் விழாமலிருக்கத் தேவையான வேகம் சுமார் 19 சதவீதம் கூடுகிறது; 60 பாகையில் 41 சதவீதம். (கணக்கு, விமானத் திருத்த வேலை செய்த என் மச்சானுடையது.) நீங்கள் பரீட்சையில் எழுதிய விஷயம்தான். ஆனால் கண் கடலில் இருக்கும்போது வேகமானியை யார் பார்ப்பது? வேகம் போதாவிட்டால் ஒரு பக்க இறக்கை சட்டென்று விழும். 3000 அடியில் சமாளித்துவிடலாம், 300 அடியில் அதற்கு இடமில்லை. அலாஸ்காவில் மூஸ் மானைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கப்போய் இப்படி விழுந்த சிறு விமானங்கள் உண்டு.

எங்கள் கடலும் லேசுப்பட்டதல்ல. சித்திரையில் காற்றில்லாத காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது 50 அடியில் இருக்கிறதா 200 அடியில் இருக்கிறதா என்று பிடிபடாது. கச்சான் காற்று தொடங்கினால் வேறு கதை. தரையிலிருந்து வரும் காற்று கோணேசர் கோயில் பாறையைத் தாண்டியதும் கடல் பக்கம் கீழ்நோக்கிப் புரளும். கோயிலைப் படமெடுக்க நீங்கள் தாழ வருவதும் அதே பக்கம்தான்.

சர்வதேச விதி கடலுக்கு மேல் 500 அடியை அனுமதிக்கிறதே என்பீர்கள். சரி, நேராகப் பறந்து போகிறவருக்கு அது போதும். வட்டமடிப்பவருக்குப் போதாது. செஸ்னா 172 மாதிரிச் சிறு விமானம் எஞ்சின் நின்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 அடி இறங்கும். 200 அடியில் இருந்தால் இருபது வினாடிகூடக் கையில் இல்லை. 2025 மார்ச்சில் சீனன்குடாவிலிருந்து போன விமானப்படையின் கே-8 பயிற்சி ஜெட் வாரியபொலயில் விழுந்தபோது, அதிலிருந்த இருவரும் இருக்கையோடு வெளியே பாய்ந்து பரசூட்டில் தப்பினார்கள். உங்கள் விமானத்தில் அப்படியொரு இருக்கை கிடையாது.

நீலத் திமிங்கிலம் எண்பது அடி நீளம். 1000 அடியிலிருந்தும் நன்றாகத் தெரியும். ஆகவே ஏறுவதற்கு முன்பே பயணிகளிடம் சொல்லிவிடுங்கள்: ஆயிரத்துக்குக் கீழே இறங்கமாட்டோம், போட்டோ சரியாக வராவிட்டாலும் காசு திரும்பாது. கிட்டப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களை எங்களிடம் அனுப்புங்கள். காலை ஆறு மணிக்குப் படகு போகும்.

இப்படிக்கு,
உப்புவெளிப் படகோட்டி ஒருவன்