நீட்டுவதா, நீவுவதா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. என் முழங்காலை விசாரித்திருந்தாய். மாடிப்படி இறங்கும்போது மட்டும் நாம் ஆடிய வாலிபால் ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்துகிறது, மற்றபடி நலம். புதுக் கண்ணாடியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீ, வாலிபால் ஆடும் மகளின் சரியாக மடங்காத கணுக்காலுக்குக் கடைசி நான்கு வரிகளைத்தான் ஒதுக்கியிருக்கிறாய். நான் அந்த நான்கு வரிகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன் கெண்டைக்காலை இரண்டு நிமிடம் நீட்டிப் பிடிக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். எஃகுக் கருவியால் நீவிவிட்டால் போதும் என்கிறார் பிசியோ. யார் சொல்வது சரி என்று கேட்கிறாய். அவளுக்கு எங்கே பிடிக்கிறது என்று இருவரில் யாராவது கேட்டார்களா?

வெறுங்காலுடன் அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல். குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் பாதத்தைச் சிறிது பின்னுக்கு நகர்த்து. இதற்கு மேல் நகர்த்தினால் தொட முடியாது என்கிற இடம் வரும்போது பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அள. ஒரு சென்டிமீட்டர் என்பது கணுக்காலில் ஏறத்தாழ மூன்றரை டிகிரி. 10 சென்டிமீட்டரை ஒட்டி வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தால் கொஞ்சம் கவலைப்படுவேன்.

அந்தக் கடைசி நிலையில் கெண்டைக்கால் பின்னால் இழுக்கிறதா, அல்லது கணுக்காலின் முன்பக்கம் ஏதோ இடிக்கிறதா என்று கேள். சென்ற ஆண்டு அவளுக்குச் சுளுக்கியது என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் கேட்கிறேன். முன்னால் இடித்தால் சிக்கல் பெரும்பாலும் மூட்டில் இருக்கும். பின்னால் உள்ள தசையை நீட்டினாலும் நீவினாலும் அதற்குப் பெரிய பலன் இராது. பிசியோவிடம் மூட்டைப் பார்க்கச் சொல்.

பின்னால் இழுத்தால் உன் கேள்விக்கே வரலாம். கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். மேலே புடைத்துத் தெரிவது முழங்காலையும் தாண்டிப் போகிறது. அடியில் உள்ளது கணுக்காலை மட்டும் கடக்கிறது. முழங்காலை நேராக வைத்து நீட்டினால் முதலாவது நன்றாக நீளும். மடக்கி நீட்டினால்தான் இரண்டாவதற்கு வேலை. பலரும் நேராக மட்டும் நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நீவுதலைப் பற்றி நான் நிறைய உளறியிருக்கிறேன். தசையுறையில் ஒட்டிக்கொண்ட முடிச்சுகளை எஃகுக் கருவி உடைக்கிறது என்று நம்பி நானே ஒன்று வாங்கி, பிள்ளைகளின் கால்களைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்தவன். இறுகிய உறையை உண்மையிலேயே உருமாற்ற, கையால் தரக்கூடியதைவிடப் பன்மடங்கு விசை வேண்டும். தேய்த்தவுடன் கால் கூடுதலாக மடங்குவது பொய்யில்லை. நரம்பு மண்டலம் அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ளத் தொடங்குகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். தோல் சிவந்தது வெற்றியின் அடையாளமல்ல. ஆனால் இதைச் சொல்லி நீட்டுகிறவர்கள் சிரிக்க வேண்டாம்: உடனடியாக அவர்களுக்குக் கிடைப்பதும் பெரும்பகுதி இதே பொறுதிதான். இரண்டிலும் சில டிகிரி கூடும், அரை மணி நேரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

தாவுதலில்தான் இரண்டும் பிரிகின்றன. அவள் சற்றே பதுங்கி எழும்போது கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் வில்லைப்போல இழுபட்டுச் சுருங்குகிறது. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நீட்டிவிட்டு உடனே தாவினால் உந்துவிசையில் சில விழுக்காடு குறையக்கூடும். அரை நிமிடத்துக்குள் நிறுத்தி, பிறகு ஓடிக் குதித்து உடலைச் சூடாக்கினால் அந்த இழப்பு பொருட்டே இல்லை. ரோலர் என்கிற உருளையில் காலை வைத்து உருட்டுவதோ நீவுவதோ பொதுவாகத் தாவலைக் குறைப்பதில்லை. உயர்த்துவதும் இல்லை! பெண்கள் வாலிபாலின் 2.24 மீட்டர் வலைக்கு மேல் கை எழும்ப வேண்டும் என்றால் கால் வலுதான் வழி.

அப்படியானால் கணுக்கால் மடங்கி என்ன பயன் என்று நீ கேட்பாய். தரையிறங்கும்போது பயன். கணுக்கால் மடங்க மறுத்தால் முழங்கால் உட்புறமாகச் சாய்கிறது, அதிர்ச்சியில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழுள்ள தசைநாணுக்குப் போகிறது. நான் எப்போதும் கட்டைபோல இறங்குவேன் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். என் மாடிப்படிக் கதை அங்கே தொடங்கியிருக்குமோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

என் மகளாக இருந்தால், ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு காலுக்கும் ஒரு நிமிடம் ரோலர், பிறகு அசைவுப் பயிற்சிகள், சிறு துள்ளல்கள். அந்த இரண்டு நிமிட நீட்டலை இரவுக்குத் தள்ளிவைப்பேன். வாரத்தில் மூன்று நாள் படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்கச் சொல்வேன். வலுவும் மடக்கமும் சேர்ந்தே வரும். சில வாரங்கள் பிடிக்கும். பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதே. நேரத்தைத்தான் மாற்றுகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்.

இரண்டு காலையும் அளந்து எழுது. அளவுகோல் கையில் இருக்கும்போதே உன் காலையும் அளந்துவிடு. என்னுடையது இடது 6, வலது 8. நீ அதைவிட மோசமாகத்தான் இருப்பாய்.

அன்புடன்,
உனக்குப் பந்து தூக்கிக் கொடுத்தே களைத்தவன்