வளைந்த புட்டர்

அன்புள்ள சேகர்,

முழங்கால் வலி தேவலாமா? இவள் தினமும் விசாரிக்கிறாள், நான்தான் பதில் போடச் சோம்பி இருந்துவிட்டேன்.

போன ஞாயிறு கோல்ஃப் ஆடப் போன இடத்தில் ஒரு கூத்து. ஒன்பதாவது குழியில் இரண்டடி புட், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி, தவறியது. வந்த ஆத்திரத்தில் அந்த உருட்டு மட்டையான புட்டரால் பையின் மேல் ஒரு போடு போட்டேன். கழுத்து வளைந்து, தலை கொக்கு மாதிரி திரும்பிக்கொண்டது. கூட ஆடிய இருவரும் முன்னால் போய்விட்டார்கள். பார்த்தது என் மட்டைப் பையைத் தூக்கி வரும் கேடி பையன் மட்டும். அந்த இருவரிடமும் "எங்கேயோ இடித்து வளைந்துவிட்டது" என்றேன். ஒருவர் உடனே தன் புட்டரை நீட்டினார். "மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பவரிடம் இரவல் வாங்கவே கூடாதே!" என்றேன். "அப்போ கார் டிக்கியில் இருக்கிற பழசை எடுத்து வரச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர்.

அவர் சொன்னது 2023 விதிப்படி சரிதான். நடுவில் மட்டை சேதமானால் வேறு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாமே கோபத்தில் பாழாக்கியிருந்தால் கிடையாது. வளைந்ததை வைத்தே ஆடலாம், தாமதிக்காமல் நிமிர்த்தியும் கொள்ளலாம். 2019-க்கு முன்பு அந்தச் சலுகைகூட இல்லை. கோபத்தில் வளைத்ததால் மட்டையின் தன்மை மாறிய பிறகு, அதை வைத்து ஆடினால் ஆளையே நீக்கிவிடுவார்கள்.

"வேண்டாம்" என்றேன். யோக்கியன் என்று நினைக்காதே, அந்தப் பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தாவதில் வளைந்ததையே வைத்து அடித்தேன். பந்து நேராக இடப்பக்கம். அப்புறம் தூர அடிக்கிற 3-வுட் மட்டையால்தான் உருட்டினேன். 2021 மாஸ்டர்ஸ் போட்டியில் கொரிய வீரர் கிம் சி-வூ புட்டரைத் தரையில் குத்திப் பாழாக்கிவிட்டு, கடைசிக் குழிகளை 3-வுட்டாலேயே புட் செய்து அந்தச் சுற்றை 69 அடியில் முடித்தாரே! எனக்கு எட்டுக் குழியில் ஐந்தில் மும்மூன்று புட் ஆனது. 1987 ரைடர் கோப்பையில் பென் கிரென்ஷா கதிதான் எனக்கும். புட்டிங்குக்கே பேர்போன மனுஷர், ஆறாவது குழியிலேயே புட்டரை உடைத்துவிட்டு, 1-அயர்ன், சாண்ட் வெட்ஜ் என்ற வேறு மட்டைகளால் உருட்டி உருட்டி, ஏமன் டார்சியிடம் கடைசிக் குழியில் தோற்றார்.

முடிந்ததும் பையன் புட்டரைத் துடைத்துக்கொண்டே, "இடிச்சதுன்னா நல்லா நிமிந்துடும் சார்" என்றான். சிரிக்கவே இல்லை படவா.

டிக்கியில் கிடப்பது நீ கொடுத்த பழைய பித்தளை புட்டர்தான். அதைத்தான் இப்போது பையில் போட்டிருக்கிறேன். பிடியில் உறை கிழிந்திருக்கிறது, மாற்றிவிடட்டுமா?

அன்புடன்,
ரங்கன்