சாயங்காலத்தை விட்டுவிடாதே, கண்ணு

வேலூர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. பேரனுக்கு இங்கிலாந்தில் மான்செஸ்டர் கிராமர் ஸ்கூலில் இடம் கிடைத்த சேதி வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பா பால்காரர் தொடங்கி தன் பழைய ஆபீஸ் நண்பர்கள் வரை ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனையும் ஆயிற்று. நீ மட்டும் போனில் சந்தோஷத்தைவிடக் கவலையாகத்தான் பேசினாய். ஃபீஸ் ஒரு பக்கம், 2025 ஜனவரியிலிருந்து அதன் தலையில் ஏறிய 20 சதவீத வாட் வரி ஒரு பக்கம், பெரிய இடத்துப் பிள்ளைகள் நடுவில் இவன் கூனிக்குறுகிப் போவானோ என்ற பயம் இன்னொரு பக்கம். போனில் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

அந்தப் பள்ளியைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிட்டேன். 1515-ல் ஹியூ ஓல்டம் என்ற பிஷப் தொடங்கியது. நம் வேலூர்க் கோட்டையைவிட மூத்தது, கண்ணு. 1806 ஜூலை 10-ல் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தபோது அதற்கு 291 வயது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் வயது இல்லை. அந்த பிஷப், அப்போது மான்செஸ்டர் சேர்ந்திருந்த லங்காஷயர்க்காரர். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூளை இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை என்று நினைத்து, இலவசமாகச் சொல்லித்தரவே பள்ளி வைத்தார். செலவுக்கு இர்க் ஆற்றங்கரை மாவு ஆலைகளின் வருமானத்தை எழுதி வைத்தார்கள். ஊர் ஜனங்கள் தங்கள் தானியத்தை அந்த ஆலைகளில்தான் அரைக்க வேண்டும் என்று வெகுகாலம் கட்டுப்பாடு இருந்ததாம். ஆக, அந்த ஊரில் ரொட்டி சுட்ட வீடுகளெல்லாம் கொடுத்த அரவைக் கூலியில் நடந்த பள்ளி அது. அடுத்த தடவை "அது பணக்காரங்க ஸ்கூல்மா" என்று சொல்ல வரும்போது இதையும் நினைத்துக்கொள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. அங்கேயும் அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. அரசாங்கம் நேரடியாக மானியம் கொடுக்கும், நிர்வாகம் பள்ளியிடமே இருக்கும், கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர் சம்பளம் கட்டாமலே படிப்பார்கள். 1970-களின் நடுவில் அந்த மானியத்தை எடுத்துவிட்டார்கள். அரசாங்கத்தோடு சேர்ந்துகொள், இல்லையென்றால் தனியாகப் போ என்றாகிவிட்டது. இந்தப் பள்ளி தனியாகப் போயிற்று. அதற்கப்புறம் சம்பளத்தை நம்பித்தான் நடக்கிறது. ஆனாலும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். கேட்க மாப்பிள்ளை கூச்சப்படுகிறார் என்றாய். இதில் கூச்சம் எதற்கு? நம் ஊரிசு கல்லூரியில் படித்துப் போய் ஜனாதிபதியான ராதாகிருஷ்ணன் ஸ்காலர்ஷிப்பில் படித்து வந்தவர்தான். நமக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ, எழுதிக் கேட்கச் சொல்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். அது டே ஸ்கூல். அவ்வளவு பேரும் புகழும் இருந்தும், தினமும் சாயங்காலம் பிள்ளையை உன் கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிற பள்ளி. நீங்கள் கட்டுகிற பணம் பகலுக்குத்தான். இங்கே பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஹாஸ்டல் பள்ளியில் விட்டுவிட்டு, மாதம் ஒரு தடவை பிஸ்கட் பாக்கெட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மார்க் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் பிள்ளை என்ன யோசித்தான், எதற்குப் பயந்தான், எந்தப் பாடம் அவனுக்கு இனித்தது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ஆறாம் வகுப்பு. மற்ற பிள்ளைகள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டிலேயே திணறும்போது, இவள் இருபத்தைந்தாம் வாய்ப்பாட்டை எங்கே ஆரம்பித்துக் கேட்டாலும் சொல்வாள். அவள் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஊறவைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நுனியை மடித்து, நூல் சுற்றிப் பீடிகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டுகிறாள். நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலிக் கணக்கு. கை வேலை செய்ய, வாய் அன்றைக்கு வகுப்பில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, சுருட்டுவதை நிறுத்தாமல், "அப்புறம் டீச்சர் என்னா சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பிள்ளை பீடி கட்டுவது சரியென்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன். அதை நிறுத்தச் சொல்லிப் பேசத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த அம்மா கேட்ட மாதிரி எந்த டியூஷன் சென்டரிலும் கேட்க மாட்டார்கள். அன்றைய பாடம் அன்றைக்கே இன்னொரு தடவை அவள் வாயால் வெளியே வந்துவிடும். டீச்சர் சொன்னது அப்போதுதான் அவளுடையதாகிறது. எத்தனையோ பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் கேட்பதற்கு ஆள் இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் வித்தியாசம் எனக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

கணித மேதை மைக்கேல் அத்தியா பேரன் சேரப்போகிற பள்ளியில் படித்தவர் என்று தெரிந்ததும் எனக்குப் புல்லரித்தது. அப்பா லெபனான்காரர். சூடானிலும் எகிப்திலும் வளர்ந்து 1945-ல் அந்தப் பள்ளியில் வந்து சேர்ந்த பையன். அவருக்கும் வெளியூர்ப் பேர்தான். 1966-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம், 2004-ல் ஏபெல் பரிசு. இரண்டும் கணிதத்துக்கு உலகத்திலேயே பெரிய விருதுகள். மூன்று வருஷம் கழித்து 2007-ல் அதே ஏபெல் பரிசு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? நம் ஸ்ரீநிவாச வரதனுக்கு. பொன்னேரியில் படித்தவர், பள்ளி ஆசிரியர் மகன். அங்கே ஒரு கணக்கு வாத்தியார் சனி ஞாயிறில் சில பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, பரீட்சைக்காக இல்லாமல் விளையாட்டாகக் கணக்குப் போட வைத்தாராம். ஐந்நூறு வருஷத்துப் பள்ளியும் பொன்னேரிப் பள்ளியும் போய்ச் சேர்ந்தது ஒரே மேடை. பேரனிடம் இரண்டு பேர் கதையையும் சொல். அத்தியாவை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதே.

உனக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட், மாப்பிள்ளை வீடு வந்து சேர ஏழாகிவிடும். சாயங்காலத்துக்கு எங்கே போவது என்று நீ கேட்பாய். அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். அங்கே நாலரை மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே ராத்திரி பத்து, கோடையில் ஒன்பது. உனக்கு லேட் ஷிஃப்ட் இருக்கிற நாளில் அவன் ஆயா என்னை வீடியோவில் கூப்பிடச் சொல். நான் பாடம் எடுக்க மாட்டேன். கேட்பேன், அவ்வளவுதான். லத்தீன் வகுப்பில் நடந்ததை அவன் தமிழில் எனக்குச் சொல்லட்டும். வார்த்தைக்குத் தடுமாறினாலும் பரவாயில்லை, எடுத்துக்கொடுக்க நான் இருக்கிறேன். மற்ற நாளில் நீங்கள் இருவரில் ஒருவர் அரை மணி நேரம் உட்காருங்கள். "மார்க் எவ்வளவு" என்று ஆரம்பிக்காதே. "இன்னிக்கி எது புரியலை" என்று கேள். சனிக்கிழமை டியூஷன் வேண்டவே வேண்டாம். மலையேற்றம், முகாம் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டால் தாராளமாக அனுப்பு. நாலு பேரோடு கூடாரம் அடித்து, கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வரட்டும்.

பணக்காரப் பிள்ளைகளைப் பற்றிய பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். சம்பளம் எவ்வளவு, அதை நீங்கள் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதை அவனிடம் மறைக்காதே. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். நீ தமிழ் மீடியத்தில் படித்ததையும், பிளஸ் டூவில் கணக்குப் புத்தகத்தை ரமலான் லீவில் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிப் படித்ததையும் சொல். உன்னைப் பற்றி இதெல்லாம் அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலையில் லீவு விட்டதும் கூட்டி வா. மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணையும் கோட்டையையும் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். புதுத் தலைப்பாகை போடு, நெற்றிக்குறி வைக்காதே, தாடியை எடு என்று சிப்பாய்களிடம் சொன்னதில்தான் அன்றைக்குக் கிளர்ச்சி கிளம்பியது என்று அந்த இடத்திலேயே நின்று அவன் கேட்கட்டும். அங்கே சரித்திர வகுப்பில் கம்பெனிக்காரர்கள் பேச்சு வரும்போது, கை தூக்கிச் சொல்ல அவனிடம் ஒன்று இருக்கும்.

பள்ளி திறந்ததும் டைம்டேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு, எந்தக் கிழமை கணக்கு என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். உன் ஷிஃப்ட் லிஸ்டையும் கூடவே அனுப்பு. மாப்பிள்ளையிடம் அந்த உதவித்தொகை விஷயத்தை இந்த வாரமே கேட்கச் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
அம்மா