பெப்பர்மின்ட் இறாலுக்குப் பணம், பெட்டியில் ஒட்டக இறால்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
கடல்வாழ் அலங்கார உயிரினங்கள் இணைய விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: வேறு இன இறால் அனுப்பியது, அதனால் நேர்ந்த இழப்பு, பணத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

ஐயா,

சென்ற மாதம் 9ஆம் தேதி தங்கள் இணையக் கடையில் ஆறு பெப்பர்மின்ட் இறால் கேட்டுப் பணம் கட்டினேன். ஒன்று 750 ரூபாய், பார்சல் செலவு 600, ஆக 5,100 ரூபாய். 11ஆம் தேதி விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் தெர்மாகோல் பெட்டியை வாங்கிக்கொண்டேன். ஆறும் உயிரோடு இருந்தன. குறை அதில் இல்லை. ஆறில் ஒன்றுகூடப் பெப்பர்மின்ட் இறால் இல்லை என்பதுதான் குறை.

எதற்காக அந்த இறாலைக் கேட்டேன் என்பதைச் சொன்னால்தான் இழப்பு புரியும். என்னிடம் இருப்பது மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி, 180 லிட்டர். இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் காளான் பவளம், ஜோவாந்தஸ் என்ற பொத்தான் பவளம் நான்கு கொத்து. கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அவற்றின் பக்கம் போவதில்லை. வெள்ளிக் கடற்கரை வீட்டிலிருந்து கால் மணி நேரம்தான். ஆனாலும் கெடிலமும் பெண்ணையாறும் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டும் நன்னீரை நம்பாமல், உப்புப் பொடி வாங்கிக் கரைத்து அளந்து ஊற்றுகிறவன் நான். அவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொண்ட தொட்டியில்தான் ஐப்டேசியா முளைத்தது.

ஐப்டேசியா என்ற அந்தக் கடல் சாமந்தி, பூவைப்போல் விரிந்து பாறையில் ஒட்டி வாழும் விலங்கு; அதைப் பற்றித் தங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கள் தொலைபேசிப் பணியாளர், "கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள் சார்" என்று சொன்னதால் எழுதுகிறேன். தோட்டத்தில் கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணில் தங்கி மறுபடி முளைப்பதைப் போன்றது இது. அடித்தட்டில் கிள்ளியெடுத்த துணுக்கு அளவு சதை பாறையில் ஒட்டியிருந்தாலும் அது தனிச் சாமந்தியாக வளர்ந்துவிடும். யாரும் சுரண்டாவிட்டாலும், நகரும்போது தானே அப்படித் துணுக்குகளை விட்டுச் செல்லும். பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொடுக்கால் கொட்டிச் சுருங்க வைக்கும். ஏழாக இருந்தவை இரண்டு மாதத்தில் நாற்பதைத் தாண்டின. முதல் ஏழும் எந்தப் பவளத் துண்டின் அடியில் இருந்தன தெரியுமா? தங்களிடம் வாங்கிய துண்டின் அடியில்தான். அதை என்னால் நிரூபிக்க முடியாது, அதற்கு ஈடும் கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

மருந்து ஊற்றுவதைவிட, அதைத் தின்னும் உயிரை விடுவது நல்லது என்று முடிவு செய்தேன். பெப்பர்மின்ட் இறால் எல்லாச் சாமந்தியையும் தின்றுவிடும் என்ற மூடநம்பிக்கை எனக்கு இல்லை. சிறியவற்றைத் தின்னும், பெரியவற்றை விட்டுவிடும், தீனி தாராளமாகப் போட்டால் சாமந்திப் பக்கமே திரும்பாது என்பதெல்லாம் தெரியும். அது தின்னாமல் சோம்பி உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

வந்தவை ஒட்டக இறால்கள். ரிங்கோசினிட்டஸ் டர்பனென்சிஸ் என்பது அறிவியல் பெயர். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த என் அக்கா மகன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவுடன், "மாமா, இது அது இல்லை" என்றான். பெப்பர்மின்ட் இறாலின் உடல் ஒளி ஊடுருவும் நிறம், அதன்மேல் சிவப்புக் கோடுகள் மட்டும். இவற்றில் சிவப்புக்கு இடையே வெள்ளைக் கோடுகளும் வெள்ளைப் புள்ளிகளும் பளிச்சென்று தெரிகின்றன. முதுகில் திமில் போன்ற மேடு. கண்கள் பெரியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கு முள். பெப்பர்மின்ட் இறாலுக்கு அது தலையோடு அசையாமல் இருக்கும், இவற்றுக்கோ கதவுக் கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் அசைகிறது. ஆறையும் அருகிலிருந்து எடுத்த காணொளியை இணைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

பெயர் மாறினால் என்ன என்று கேட்காதீர்கள். பெப்பர்மின்ட் இறால் களையைத் தின்ன வாங்குவது, ஒட்டக இறால் பயிரையே தின்பது. ஐந்தாம் நாள் இரவு ஒரு மணிக்கு டார்ச் விளக்கில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு பார்த்தேன். மூன்று இறால்கள் ஒரே ஜோவாந்தஸ் கொத்தின்மேல் ஏறி, பூக்காரம்மா காம்பு கிள்ளுவதுபோல ஒவ்வொரு பொத்தானாகக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. இரண்டு விரல் தள்ளி ஒரு ஐப்டேசியா நிம்மதியாக விரிந்திருந்தது, அதை ஒன்றும் சீண்டவில்லை. பத்து நாளில் நான்கு கொத்தில் மூன்று மொட்டையாகிவிட்டன. அவற்றைத் தங்களிடம் வாங்கிய விலை 3,200 ரூபாய். ரசீது இருக்கிறது.

தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு நான்கு முறை பேசினேன். முதல் முறை, "உயிரோடுதானே வந்தது சார்?" என்றார்கள். பார்சல் பிரித்த இரண்டு மணி நேரத்துக்குள் செத்த உயிரினத்தின் படத்தை அனுப்பினால்தான் பணம் தருவார்களாம். செத்ததற்கு விதி வைத்திருக்கிறீர்கள், ஆள் மாறி வந்ததற்கு வைக்கவில்லை. அரிசிக் கடையில் பொன்னி கேட்டவனுக்கு ரேஷன் அரிசியைப் போட்டுவிட்டு, மூட்டை கிழியவில்லையே என்று கேட்பதைப் போல இருக்கிறது.

இரண்டாம் முறை பேசியவர், தேவனாம்பட்டினம் கடலில் விட்டுவிடச் சொன்னார். எந்தக் கடலிலிருந்து பிடித்தது, என்ன நோய் ஒட்டியிருக்கிறது என்று தெரியாத உயிரைக் கொண்டுபோய் நம் கடலில் விடும் ஆள் நான் இல்லை. தங்கள் பணியாளர்களுக்கு இதையாவது உடனே சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாம் முறை, பத்து சதவீதத் தள்ளுபடியில் காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் தருவதாகச் சொன்னார்கள். அந்த மீன் ஐப்டேசியாவைத் தின்னக்கூடியதுதான், நீண்ட மூக்கால் பாறை இடுக்கில் துழாவி எடுக்கும். ஆனால் என் 180 லிட்டர் அதற்குப் போதாது. பழக்கப்படாத மீன் உறைந்த தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்து சாவது இத்தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாத பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை இருக்கிறதா என்று நானே கேட்டேன். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். நான்காம் முறை யாரும் எடுக்கவில்லை.

மின்னஞ்சலில் எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் மூன்றாம் நாள் தங்கள் இணையக் கடையில் படம் மட்டும் மாறியிருந்தது. முன்பு அங்கே நல்ல பெப்பர்மின்ட் இறாலின் படம் இருந்தது. இப்போது ஒட்டக இறாலின் படம், மேலே அதே பெப்பர்மின்ட் என்ற பெயர், அதே 750 ரூபாய். பழைய பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தவறு என்று புரிந்திருக்கிறது, ஆனால் திருத்தியது என் கணக்கை அல்ல, தங்கள் படத்தை.

இறாலின் விலையும் பார்சல் செலவுமாக 5,100, அழிந்த பவளத்துக்கு 3,200, ஆக 8,300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மாற்று இறாலோ தள்ளுபடிச் சீட்டோ வேண்டாம். இணையக் கடையில் பெயரைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர் தொட்டியும் மொட்டையாகும். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது தங்கள் பொறுப்பு. அது நடக்காவிட்டால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் இந்த ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். அதற்காக நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை, தாங்கள்தான் கடலூருக்கு வர வேண்டியிருக்கும்.

ஆறு இறால்களும் நலமாக இருக்கின்றன. பெரிய தொட்டியிலிருந்து பிடித்துத் தனியாக 20 லிட்டர் தொட்டியில் காற்றுக்குழாய் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் துறைமுகத்திலிருந்து வரும் நெத்திலியை நறுக்கிப் போடுகிறேன், அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. எடுத்துச் செல்ல ஆள் அனுப்புவதாக இருந்தால் முந்தின நாளே தெரிவியுங்கள். அனுப்பிய அதே தெர்மாகோல் பெட்டியைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

இணைப்பு: பணம் கட்டிய இரண்டு ரசீதுகள், இறால்களின் காணொளி, பவளக் கொத்துகளின் முன்பின் படங்கள், தங்கள் இணையக் கடைப் பக்கத்தின் பழைய, புதிய நகல்கள்.