பாடுதலும் பாடியவளும்: ஆங்கில இலக்கணக் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ஆங்கில இலக்கணக் கையேடுகள் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். என் அக்காள் மகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் அவளுடைய கையேட்டில் 'ஜெரண்ட்' பாடம் வந்தது. வினைச்சொல்லோடு 'இங்' சேர்ந்தால் ஜெரண்ட் என்று ஒரே வரியில் விளக்கம். அதன் கீழேயே பயிற்சி: பத்தியிலுள்ள ஜெரண்டுகளை அடிக்கோடிடுக. 'ஸ்விம்மிங் இஸ் ஈஸி' என்ற வரியில் முதற்சொல்லுக்குக் கோடு போட்டாள், சரி. 'ஷி இஸ் சிங்கிங்' வந்தது. அங்கும் ஒரு கோடு. போன வேகத்தில் 'மார்னிங்', 'ஸ்பிரிங்' இரண்டும் மாட்டிக்கொண்டன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பிள்ளை மீது என்ன குற்றம்? வாலைப் பார் என்றது புத்தகம். அவள் வாலைப் பார்த்தாள்.

'ஷி இஸ் சிங்கிங்' என்றால் என்ன என்று கேட்டேன். "பாடிக்கொண்டிருக்கிறாள்." 'சிங்கிங் இஸ் ஹார்ட்' என்றால்? கொஞ்சம் யோசித்து, "பாடுதல் கடினம்" என்றாள். சொன்ன மறுகணமே, "இது தொழிற்பெயர்தானே?" என்று அவளே கேட்டுவிட்டாள். அவ்வளவுதான் பாடம். அந்தச் சொல்லைத்தான் உங்கள் கையேட்டில் காணவில்லை. அதற்குப் பதிலாக 'வினையாலணையும் பெயர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, பாடியவள் என்பது வினையாலணையும் பெயர். அது செய்தவரைக் குறிக்கும், காலமும் காட்டும். பாடுதல் என்பது செயலின் பெயர். ஆளையும் செயலையும் குழப்பிவிட்டு, ஆங்கிலம் கடினம் என்று பிள்ளைகளை நம்பவைக்கிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். ஜெரண்டைத் தொழிற்பெயரிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுங்கள்.

வேற்றுமை உருபு பெயரோடுதான் சேரும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 'படி' என்ற வினையடியோடு 'இல்' நேராக ஒட்டாது. 'படிப்பது' என்று பெயராக்கினால்தான் 'படிப்பதில் கெட்டிக்காரி' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் உருபின் வேலையைப் பெரும்பாலும் 'அட்', 'டு' போன்ற முன்னிடைச்சொற்கள் (ப்ரெபொசிஷன்) செய்கின்றன. 'குட் அட்' என்பதற்குப் பின் 'ரீட்' வராமல் 'ரீடிங்' வருவது அதனால்தான். இதைச் சொல்லிவிட்டால் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதப்படும் பிழையும் பிடிபடும். அங்கே 'டு' முன்னிடைச்சொல். 'டு தி மேட்ச்' என்று ஒரு பெயரை வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. பெயர் பொருந்தும் இடமென்றால் 'டு மீட்டிங் யூ' என்றுதான் வரவேண்டும்.

இன்னும் சுவையானது இது. 'ஸ்டாப்ட் ரீடிங்', 'ஸ்டாப்ட் டு ரீட்' இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் 'படிப்பதை நிறுத்தினான்', 'படிக்க நின்றான்'. முன்னதில் பெயர், இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. பின்னதில் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் நோக்கத்தைச் சொல்கிறது. 'ரிமெம்பர் லாக்கிங் தி டோர்' என்பது கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது என்பது. 'ரிமெம்பர் டு லாக் தி டோர்' என்பது கதவைப் பூட்ட மறக்காதே என்பது. நடந்து முடிந்ததற்குப் பெயர், நடக்க வேண்டியதற்கு எச்சம். இந்த வேறுபாடு வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைக்க வேண்டியதில்லை.

ஜெரண்ட் பெயரானாலும் வினையின் குணத்தை விடாது என்ற விதியையும் இப்படியே காட்டலாம். 'டிரைவிங் எ கார் கேர்ஃபுல்லி' என்பது 'காரைக் கவனமாக ஓட்டுதல்': செயப்படுபொருளும் உண்டு, 'ஆக' என்ற வினையடையும் உண்டு. 'கேர்ஃபுல் டிரைவிங்' என்று பெயரடை வந்துவிட்டால், 'கவனமான ஓட்டம்' என்பதுபோல் முழுப் பெயராகிவிடுகிறது.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். 'ஃபினிஷ்ட் ரீடிங்' நமக்குப் 'படித்து முடித்தேன்'. அங்கே பெயரே இல்லை. 'விதவுட் சேயிங்' என்பது 'சொல்லாமல்', 'ஆஃப்டர் ஈட்டிங்' என்பது 'சாப்பிட்ட பிறகு'. 'சஜெஸ்ட்' என்பதோ போகலாம் என்று யோசனை சொல்வதாக நம் மனத்தில் பதிந்திருப்பதால், 'சஜெஸ்டட் டு கோ' என்று எழுதத்தான் கை போகும். 'சஜெஸ்டட் கோயிங்' என்பதே சரி. இந்த இடங்களைத்தான் கட்டம் கட்டி எச்சரிக்க வேண்டும். உங்கள் கையேட்டில் எளிதானதற்கு மூன்று பக்கம், இதற்கு ஒரு வரியும் இல்லை.

ஒரே 'இங்' ஏன் இரண்டு வேலை செய்கிறது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. பழைய ஆங்கிலத்தில் செயலுக்குப் பெயராக்கும் விகுதி 'உங்' அல்லது 'இங்'. 'பாடிக்கொண்டிருக்கிற' என்பதுபோல் பொருள் தரும் எச்சத்துக்கு (பார்ட்டிசிபிள்) உரியது 'எண்டெ' என்ற வேறொரு விகுதி. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் மயங்கி ஒரே வடிவமாயின. மொழியியலாளர்களான ஹட்லஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணத்தில் இரண்டையும் பிரிக்காமல் ஒரே வடிவமாகவே கொண்டார்கள். அறிஞர்கள் சேர்த்துக்கொள்ளட்டும், முதன்முறை படிக்கும் பிள்ளைக்குப் பிரித்துக்காட்டித்தான் ஆகவேண்டும். 'ஸ்லீப்பிங் சைல்ட்' தூங்குகிற குழந்தை. 'ஸ்லீப்பிங் பேக்' என்பதைத் தூங்குகிற பை என்று உங்கள் விடைப்பக்கம் பெயர்த்திருக்கிறது. அது தூங்குவதற்கான பை.

அடுத்த பதிப்பில் அந்த விடையைத் திருத்துங்கள், 'வினையாலணையும் பெயர்' என்பதை நீக்குங்கள், பயிற்சியில் அடிக்கோடிடச் சொல்லும் முன் ஒவ்வொரு 'இங்'குக்கும் தமிழ் எழுதச் சொல்லுங்கள். அவளுடைய பிரதியில் இந்த மூன்றையும் பென்சிலால் நானே திருத்தி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கையேட்டை வைத்துப் பாடம் சொல்லித்தரும் ஒரு மாமன்